சிக்கனம் அம்மாவின் தட்டில் தொடங்கக் கூடாது



சிக்கனத்தைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முகாமில் ஒரு வாளித் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டி, மிஞ்சியதில் துணி அலசியவர்கள் நீங்கள். நிவாரண மாவை அடுத்த லொறி வரும் நாள் வரைக்கும் எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள் நீங்கள். ஆகவே எப்படிச் சேமிப்பது என்று நான் எழுதப்போவதில்லை. எதில் சேமிக்கக் கூடாது என்று எழுதுகிறேன். இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்த சமூகவியல் புத்தகங்களில் கற்கவில்லை. மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், ஒரு தாயிடமும் அவருடைய பதினொரு வயது மகளிடமும் கற்றேன்.

லெந்து நாளில் ஒரு ஞாயிறு

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம். தோட்டத்து ஆலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தோம். படியில் இறங்கிய ஒரு அக்கா சுவரைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து, சீனித் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம்.

"ஒண்ணுமில்ல மிஸ். லெந்து நாள்தானே, உபவாசம் இருக்கேன்" என்றார்.

சுற்றி நின்ற பெண்கள் அவரைப் புகழ்ந்தார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளை வளர்க்கிற தாய் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அந்த அக்காவின் கதை உங்களில் பலருடைய கதைதான். 1983 யூலை வன்செயலில் மாத்தளை எரிந்தபோது, கைக்குழந்தையாக இருந்த அவரைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் கிளிநொச்சிக்குப் போனார்கள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே திருமணம் செய்தார். 2009இல் கணவரை இழந்தார். இரண்டு வயது மகளும் கைக்குழந்தை மகனுமாக மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் மாத்தளையில் அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்தார். கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்து, லயத்தில் ஒரு காம்பராவில் குடியிருந்தார்.

"எனக்குப் பசிக்கல"

இரண்டு நாள் கழித்து மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல். பிள்ளைகள் இருவருக்கும் இரண்டிரண்டு, எனக்கு ஒன்று.

"நீங்க சாப்பிடலையா அக்கா?"

"எனக்குப் பசிக்கல மிஸ். பிறகு சாப்பிடுவேன்."

ஆனால் மா வைத்த சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று. மகன் இரண்டையும் வேகமாகத் தின்றுவிட்டு அக்காவின் தட்டைப் பார்த்தான். அந்தச் சிறுமி தன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியைத் தம்பியின் தட்டில் வைத்தாள். "எனக்குப் பசிக்கல" என்றாள். தாயின் அதே சொல், அதே குரல்.

"பாருங்க மிஸ், என்னையப் போலவே இருக்கா" என்று தாய் பெருமையாகச் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. பெரியபிள்ளையாகிற வயதில் இருந்த அந்தப் பிள்ளையின் மணிக்கட்டு குச்சிபோல இருந்தது.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய மாதம்தான் தாய்மார் சங்கக் கூட்டத்தில் கிறிஸ்தவத் தாயின் தியாகம் பற்றி நான் பேசியிருந்தேன். என் அம்மா எப்போதும் கடைசியில் அடிச்சோறு மட்டும் சாப்பிட்டதைச் சொல்லி எல்லோரையும் அழ வைத்தேன். அந்த அக்கா முன்வரிசையில் இருந்து கேட்டார். என் அம்மாவுக்கு அடிச்சோறுதான் பிடிக்கும் என்று நாங்கள் பல வருடம் நம்பியிருந்ததை நான் அன்று சொல்லவில்லை. பிள்ளைகளாகிய நாங்கள் ஒருநாளும் அவரைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லவில்லை.

கணக்குக் கொப்பி சொன்னது

அக்காவை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது. இரத்தச்சோகை உள்ளவருக்கு மலை ஏறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். கொழுந்தின் அளவு குறையும். அளவு குறைந்தால் கையில் வரும் காசும் குறையும்.

பிறகு ஒரு பாடசாலைக் கொப்பியில் வீட்டுக் கணக்கை எழுதினோம். அவர் சொல்ல மகள் எழுதினாள். அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. கொடுப்பனவுகள் எல்லாம் கிடைத்தால் 730 ரூபா. அவர் ஒரு நுண்கடன் எடுத்திருந்தார். 30,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி. வட்டி 7,200. மொத்தம் 37,200 ரூபாவை 52 கிழமையில் கட்ட வேண்டும். கிழமைக்கு 715 ரூபா. அதைக் கட்ட முடியாமல் அதே அளவில் இன்னொரு இடத்தில் இரண்டாவது கடன் எடுத்திருந்தார். இரண்டுக்கும் சேர்த்துக் கிழமைக்கு 1,430 ரூபா. அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால், ஏறக்குறையக் கிழமையில் மூன்று நாள் அவர் மலை ஏறியது கடனுக்கு.

இந்த வட்டியில் இன்னொரு விடயமும் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு கிழமையும் முதலைத் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள். ஆனால் வட்டி கடைசி வரைக்கும் முழு 30,000க்கும் கணக்கிடப்படுகிறது. ஆகவே வாயால் 24 வீதம் என்று சொன்னாலும் உண்மையில் அது 40 வீதத்தைத் தாண்டிவிடும்.

இனி மறுபக்கம். தான் சாப்பிடாமல் விட்டதால் அக்கா மிச்சம் பிடித்தது எவ்வளவு? மாவும் தேங்காயும் கணக்குப் பார்த்தால் கிழமைக்கு ஏறக்குறைய 200 ரூபா. தன் இரத்தத்தைக் குறைத்து அவர் சேமித்த 200 ரூபா, 1,430 ரூபாவின் பள்ளத்தில் விழுந்து காணாமல் போனது.

"இவ்வளவுதானா மிஸ்?" என்று கேட்டார். கொப்பியை மடக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

எண்ணெய்க் குடத்து விதவை

வேதத்தில் இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவைத் தாய் வருகிறாள். கணவன் இறந்துவிட்டான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் முறையிடுகிறாள். அவர் அவளைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அயல் வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, எண்ணெயை வார்த்து, விற்று, முதலில் கடனைத் தீர்க்கச் சொல்கிறார். மீதியில் அவளும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும் என்கிறார்.

பிள்ளைகள் மட்டுமல்ல, அவளும். இந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ தடவை வாசித்தும் கவனிக்காமல் போயிருக்கிறேன். யவீருவின் மகளை எழுப்பிய பிறகு, அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று இயேசு சொன்னதையும் அன்றுதான் நின்று வாசித்தேன்.

உபவாசம் நல்லது. ஆனால் அது உடம்பில் பலமுள்ளவர் மனம் விரும்பிச் செய்வது. கத்தோலிக்கத் திருச்சபையின் நோன்பு ஒழுங்கிலும் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. இஸ்லாத்தில் நோன்பு மாதத்திலும் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நோயாளிகளுக்குச் சலுகை உண்டு. இல்லாமையால் வரும் பட்டினிக்கு உபவாசம் என்று பெயர் வைத்தால், பக்கத்து வீட்டுக்கு நம் பசி தெரியாமலே போய்விடும்.

எங்கள் சங்கம் செய்தது

தாய்மார் சங்கம் என்பது 1876இல் இங்கிலாந்தில் மேரி சம்னர் என்ற குருவானவரின் மனைவி ஆரம்பித்தது. முதல் கூட்டத்தில் பேசப் பயந்து, எல்லோரையும் அடுத்த கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டாராம். அன்று நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனாலும் அக்காவின் அனுமதியோடு எங்கள் சங்கத்தில் கணக்கைத் திறந்து பேசினோம். பேசத் தொடங்கியதும் பதினான்கு பேரில் ஐந்து பேர் தங்கள் கடனையும் சொன்னார்கள்.

அக்காவின் வீட்டில் என்ன இருந்தது? கிளிநொச்சியில் மாமியாரிடம் பழகிய கைப்பக்குவம். மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் பதமாக வறுத்து இடிக்கும் யாழ்ப்பாணத்துத் தூள். மாத்தளை மிளகு விளையும் மண். ஒருவர் பெரிய தாச்சி இரவல் கொடுத்தார், ஒருவர் உரலும் உலக்கையும், இன்னொருவர் வெறும் போத்தல்கள். முதல் சாமானைச் சங்கக் காசில் வாங்கினோம். தூள் நன்றாக விலைப்பட்டது.

கடன் வசூலிக்க வரும் தம்பியிடம் மூன்று பேராகச் சேர்ந்து போய், மீதி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கினோம். 2018இல் வடக்கு, கிழக்கு உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், 100,000 ரூபா வரையான பெண்களின் நுண்கடன்களைத் தீர்க்க அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அக்காவின் கடன் அதற்குள் வரவில்லை. தூள் விற்ற காசில் 2019 முடியுமுன் இரண்டையும் கட்டி முடித்தார்.

பிடி அரிசியையும் மாற்றினோம். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொடுப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இந்தியாவில் மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் அதைச் செய்து பெரிய ஊழியங்களையே நடத்துகிறார்கள். ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்தில் 1 கிலோ 200 கிராம். பதினான்கு வீட்டில் ஏறக்குறைய 17 கிலோ. முன்பு அதை ஏலம் போட்டு ஆலயப் பெட்டியில் போடுவோம். இப்போது, தாய் சாப்பிடாத வீட்டுக்கு முதலில் போகும். அரிசி போதாத நாளில் அந்த வீட்டுக்காரர் பிடி எடுக்கத் தேவையில்லை.

"சட்டியில இல்லாதப்ப என்னத்தைப் பங்கு போடுறது?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் 2022இல் கிடைத்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. மாதக் கடைசியில் ஏழு வீடுகள் அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சின. கேள்வி கேட்ட பெரியம்மாவின் வீடும் அதில் ஒன்று.

நீங்களும் செய்யலாம்

1. சாப்பாடு பரிமாறும்போது உங்கள் தட்டையும் சேர்த்து வையுங்கள். குறைவாக இருந்தால் எல்லோர் தட்டிலும் கொஞ்சம் குறையட்டும். பிள்ளைகள் பார்க்கட்டும்.

2. திரிபோஷா கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் தரப்படுவது. உங்களுக்குத் தந்ததை நீங்களே சாப்பிடுங்கள். அது சுயநலம் ஆகாது.

3. சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் குறைவாகவே சேரும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரையோடு தேசிக்காய்ப் புளி சேருங்கள். அது இரும்புச்சத்தைச் சேர்க்க உதவும்.

4. பலாக் காலத்தில் கொட்டைகளை எறியாமல் கழுவிக் காயவைத்து மணலில் புதைத்து வையுங்கள். மாதக்கணக்கில் இருக்கும்.

5. வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணவர் இருந்தால் அவரும் பார்க்கட்டும். வெற்றிலை, சாராயம், தொலைபேசி எல்லாம் அதில் வரட்டும். சிக்கனம் பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல.

6. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். எடுக்குமுன் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஊரில் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கே அங்கத்தவராகுங்கள்.

அந்தச் சிறுமிக்கு இப்போது பதினெட்டு வயது தாண்டிவிட்டது. உயர்தரம் எழுதியிருக்கிறாள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள்தான் பரிமாறினாள். நான்கு தட்டு வைத்தாள். தாய் வழக்கம்போல, "எனக்குப் பிறகு..." என்று தொடங்கினார்.

"பிறகு எல்லாம் இல்லம்மா. உட்காருங்க" என்றாள் மகள்.

அக்கா உட்கார்ந்தார். சகோதரிகளே, இன்று இரவு நீங்களும் பிள்ளைகளோடு உட்காருங்கள்.