ஈஸ்டர் வந்தால் பானை பறக்கும், தெரியுமா?

ஈஸ்டர் என்றால் வண்ண முட்டை, சாக்லேட் முயல்... அவ்வளவுதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

கிரேக்க நாட்டின் கோர்ஃபூ தீவுக்கு ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை போனால் தலை பத்திரம்! காலை 11 மணிக்கு மாடி பால்கனிகளிலிருந்து மண்பானைகள் வந்து விழும்! சின்னச் சட்டிகள் மட்டுமா? ஒரு ஆளால் தூக்க முடியாத ராட்சதப் பானைகளும் உண்டு. சத்தம் தூள் கிளப்ப வேண்டுமே என்று உள்ளே தண்ணீரையும் நிரப்பிவிடுகிறார்கள்! வீதியெல்லாம் ஈரம், வீதியெல்லாம் ஓடு, ஒரே கைதட்டல். அப்புறம் என்ன செய்வார்கள் தெரியுமா? உடைந்த ஓட்டைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அதிர்ஷ்டமாம்!

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் முழுக்க முட்டைக்குத் தடை. ஆனால் தவக்காலம் என்று கோழிக்குத் தெரியுமா? அதுபாட்டுக்கு இட்டுத் தள்ளியது! குவிந்த முட்டையெல்லாம் ஈஸ்டருக்குத் தீர்ந்தது.

பிரான்ஸின் பெஸியேர் ஊரில் ஈஸ்டர் திங்களன்று ஒரே ஒரு ஆம்லெட் போடுகிறார்கள். எத்தனை முட்டை தெரியுமா? 15,000! கல்லின் குறுக்களவு 4 மீட்டர்! கரண்டியா? ஆள் உயரத்துக்குக் கம்பு!

இன்னும் பெரிய முட்டை வேண்டுமா? கனடாவின் வெக்ரவில் ஊரில், உக்ரைன் பாணியில் கோலமிட்ட அலுமினிய முட்டை 1975-லிருந்து நிற்கிறது. எடை இரண்டரை டன்! காற்றடித்தால் சுழலவும் செய்யும்!

ஹங்கேரியில் ஈஸ்டர் திங்களன்று ஹொல்லோக்கோ கிராமத்துப் பையன்கள் பெண்கள் மீது வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். நனைந்த பெண் திட்டுவாளா? இல்லை, வண்ண முட்டை பரிசு தருவாள்! (இது என்ன நியாயமோ!)

ஸ்வீடனில் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று கதவைத் தட்டுவது யார்? குட்டிக் குட்டிச் சூனியக்காரிகள்! தலையில் முக்காடு, கன்னத்தில் சிவப்புச் சாயம். தாங்கள் வரைந்த படத்தை நீட்டிவிட்டு மிட்டாய் கேட்பார்கள்!

ஆஸ்திரேலியாவில் முயலுக்கு மவுசு குறைவு. வெளியிலிருந்து வந்து பெருகி நாட்டையே மேய்ந்த பிராணி ஆயிற்றே! அதனால் அங்கே சாக்லேட் பில்பியும் விற்கிறது. நீளக் காதுள்ள உள்ளூர்ப் பிராணி!

ஈஸ்டர் தேதியும் லேசுப்பட்டதல்ல! மேற்கத்தியத் திருச்சபைகளின் கணக்கில் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25 வரை எங்கும் விழலாம். மார்ச் 22-இல் கடைசியாக வந்தது 1818-இல். அடுத்தது? 2285!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது நார்வேதான். அங்கே ஈஸ்டர் என்றால் கொலைக் கதை! 1923-இல், ஈஸ்டர் நெருங்கும் நேரம், ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளை!’ ஊரே பதறியது. ரயிலில் போன உறவினர்கள் என்ன ஆனார்களோ! கடைசியில் பார்த்தால் அது செய்தியே இல்லை, நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரண்டு இளைஞர்கள் எழுதிய துப்பறியும் நாவலுக்கு விளம்பரம்! அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் பனிமலை மரவீட்டுக்குப் போகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு க்ரைம் நாவலையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். பால் அட்டைப்பெட்டியில்கூடக் குட்டித் துப்பறியும் சித்திரக்கதை! பால் தீர்வதற்குள் கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும்!