மனைவி யாருடைய உடைமை? 'அடல்டரி' சட்டத்தின் ரோமானிய வேர்

2018 செப்டம்பர் 27 அன்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக ரத்து செய்தது. இன்னொருவர் மனைவியுடன் அவள் கணவனின் சம்மதமின்றி உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்த பிரிவு அது. 'அடல்டரி' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இக்குற்றத்தின் பெயருக்குப் பூர்வீகம் ரோம்.

லத்தீனில் இதன் பெயர் 'அடல்டீரியம்'. 'அடல்ட்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது வளர்தலைக் குறிக்கும் வேறொரு வினையிலிருந்து வந்தது. 'வேறு', 'மற்றது' எனப் பொருள்படும் 'ஆல்டர்' என்ற வேரோடுதான் 'அடல்டீரியம்' பொதுவாக இணைக்கப்படுகிறது. கலப்படம் செய்வது, போலி நாணயம் அடிப்பது ஆகியவற்றுக்கும் ரோமானியர் இதே சொற்குடும்பத்தைப் பயன்படுத்தினர். வாரிசின் ரத்தத்தில் கலப்பு நேர்ந்துவிடுமோ என்பதே அவர்களுடைய அச்சம்.

அதனால்தான் மணமான பெண் சம்பந்தப்பட்டால் மட்டுமே அது 'அடல்டீரியம்' ஆனது. மணமான ஆண் அடிமைப் பெண்ணிடமோ பாலியல் தொழிலாளியிடமோ போனால் சட்டம் கண்டுகொள்ளவில்லை.

வீட்டு விவகாரமாக இருந்த இதைப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18 வாக்கில் அரசு தண்டிக்கும் குற்றமாக்கினார். வழக்கில் தோற்ற பெண், சீதனத்தில் பாதியையும் சொத்தில் மூன்றிலொரு பங்கையும் இழந்து ஒரு தீவுக்குப் போனாள். ஆண் பாதிச் சொத்தை இழந்து வேறொரு தீவுக்குப் போனான். விவாகரத்து செய்த கணவன் 60 நாளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் வெளியார் தொடரலாம். தெரிந்தும் மனைவியை வீட்டில் வைத்திருந்தால், பெண்ணைக் கூட்டிக்கொடுத்த குற்றம் கணவன்மீதே பாயும்.

அகஸ்டஸின் ஒரே மகள் ஜூலியாவும் தப்பவில்லை. கி.மு. 2-இல் பாண்டடேரியா என்ற சிறு தீவுக்கு அவளைத் தந்தையே நாடுகடத்தினார். அங்கே அவளுக்கு மது மறுக்கப்பட்டது. ஆண்கள் யாரும் அனுமதியின்றி அவளைப் பார்க்க முடியாது.

இந்தியாவுக்கு வந்தால், ஆங்கிலேய ஆட்சியின் சட்ட ஆணையத்துக்குத் தலைமை வகித்த மெக்காலே 1837-இல் தந்த இந்திய தண்டனைச் சட்ட வரைவில் இக்குற்றம் இல்லை. பின்னால் சேர்க்கப்பட்டு, 1860 சட்டத்தில் இடம்பெற்றது. இதில் ஒரு வித்தியாசம் உண்டு: கண்டும் காணாமல் இருந்த கணவனை ரோம் தண்டித்தது, 497-ஆவது பிரிவிலோ கணவன் சம்மதித்துவிட்டால் குற்றமே இல்லை. கணவன் வேறொரு பெண்ணிடம் போனால் மனைவி வழக்குத் தொடரவும் வழியில்லை. மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்க்கும் மனப்பான்மைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

1985-இல் இந்தப் பிரிவு செல்லும் என்றார் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். 33 ஆண்டுகள் கழித்து அதைச் செல்லாதென்ற ஐவரில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்குற்றம் இல்லை. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் விவாகரத்துக் கோர இது இன்றும் ஒரு காரணம். அந்த உரிமை கணவன், மனைவி இருவருக்குமே உண்டு. ராணுவத்தினர்மீது அவர்களுக்கான தனிச் சட்டங்களின்கீழ் நடவடிக்கை எடுக்கவும் தடையில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.