குட்டி யானைக்கு எந்த எஞ்சின்?

புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் மீன்கூடைகளைச் சுமந்துவரும் பழைய ‘குட்டி யானை’ எனும் சிறு சரக்கு வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய பிக்கப் வண்டி வாங்க எண்ணும் அன்பர், டீசலா பெட்ரோலா என்று மயங்குவது சகஜமே.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து, ஏறக்குறைய 10இல் 1 பங்காகச் சுருங்கி, மின்பொறியால் பற்றுகின்றன. 1858இல் பாரிஸில் பிறந்த ருடால்ஃப் டீசல் கண்ட யந்திரத்திலோ, காற்று மட்டும் சுமார் 16இல் 1 பங்காக நெருக்கப்பட்டு, அந்நெருக்கத்தாலேயே 500 டிகிரிக்கு மேல் உஷ்ணமடைய, அதில் பீய்ச்சப்படும் டீசல் பொறியின்றியே மூள்கிறது. காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டறிந்தவர்க்கு இந்த ரகசியம் விளங்கும்.

நெருக்கம் மிகுந்தால் உஷ்ணத்தில் அதிகப் பங்கு உழைப்பாக மாறுமாதலால், டீசலுக்குச் சிக்கனம் வாய்க்கிறது; வண்டியின் விலையோ கூடுதல். ஆகவே, தினமும் விழுப்புரம், கடலூர் வரை பாரமேற்றுவோர் டீசலையும், நகருக்குள்ளேயே சில மைல் ஓடுவோர் பெட்ரோலையும் தேர்வதே விவேகம்.