விமான நிலையத்தின் அருகே வசிப்போரும் நைட்ரஜன் டை ஆக்சைடும்

"விமான நிலையத்துக்கு அருகில் குடியிருக்கிறோம்; வீட்டை மாற்றிவிட வேண்டுமா?" ஆஸ்துமா நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. மாசு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தொலைவு பரவுகிறது என்பதை அறிந்த பின்னரே இதற்கு விடை கூற இயலும்.

நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வாறு உருவாகிறது?

விமான எஞ்சின், லாரி, சமையல் எரிவாயு அடுப்பு என எதில் எரிபொருள் எரிந்தாலும், கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. அது காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகிறது. இவ்வாயு மூச்சுக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கி, ஆஸ்துமா உள்ளோர்க்கு இருமலையும் இழுப்பையும் மிகுவிக்கக்கூடியது. இதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்றிருந்த வழிகாட்டு வரம்பை, உலக சுகாதார அமைப்பு 2021-இல் 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

கணிப்பு மாதிரி என்றால் என்ன?

தெருவுக்குத் தெரு அளவுமானி வைக்க இயலாது. ஆகவே அறிவியலாளர்கள் கணினியில் கணக்கிடுகின்றனர். எத்தனை விமானங்கள், எவ்வகை எஞ்சின்கள், ஒவ்வொன்றும் தரையில் ஊர்ந்து செல்லவும் மேலெழவும் இறங்கவும் எடுக்கும் நேரம், சுற்றுச் சாலைகளின் போக்குவரத்து, காற்றின் திசை, வேகம் ஆகிய அனைத்தும் அக்கணக்கில் சேரும். விமானத்தின் புகையைப் பொதுவாகத் தரையிலிருந்து 3,000 அடி உயரம் வரை கணக்கில் கொள்வர். எஞ்சின் முழு விசையுடன் இயங்கும் புறப்பாட்டு வேளையிலேயே நைட்ரஜன் ஆக்சைடுகள் மிக விரைவாக வெளிப்படுகின்றன. இறுதியில், கணக்கின் விடையை அளவுமானிகள் காட்டும் அளவுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பர்.

லண்டன் ஹீத்ரோ கற்பிப்பது

இவ்வகையில் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம். அதன் வடக்கே எம்4, மேற்கே எம்25 என இரு பெருஞ்சாலைகள் செல்கின்றன. 2006-இல் வெளியான ஆய்வொன்று, நிலைய எல்லையில் நைட்ரஜன் டை ஆக்சைடின் ஆண்டுச் சராசரியில் ஏறத்தாழ 27 விழுக்காடு விமான நிலையத்தால் விளைவது என மதிப்பிட்டது. காற்று வீசும் திசையில் 2 முதல் 3 கிலோமீட்டர் தொலைவில் அப்பங்கு 15 விழுக்காட்டுக்கும் குறைவு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் சில நாள்கள் நின்றபோது, நிலையத்தை ஒட்டிய அளவுமானிகளில் மாசு குறைந்தது. விமானத்தின் பங்கு மெய்யானதே என்பதற்கு இது சான்று.

விமானப் புகை வெப்பமிக்கதாதலால் மேலெழுந்து பரவுகிறது. வாகனப் புகையோ நாம் மூச்சுவிடும் உயரத்திலேயே வெளிப்படுகிறது. சென்னை விமான நிலையத்தை ஒட்டியே ஜி.எஸ்.டி. சாலை செல்வதை நினைவிற்கொள்க. எனவே வீடு தேர்வோர், ஓடுபாதைக்கு உள்ள தொலைவோடு பெருஞ்சாலைக்கு உள்ள தொலைவையும் பார்க்க வேண்டும்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டியவை

• கணிப்பு மாதிரி பெரும்பாலும் ஓர் இடத்தின் நீண்டகாலச் சராசரியைக் கூறும். இன்றிரவு ஒருவருக்கு மூச்சுத்திணறல் வருமா என்பதைக் கூறாது. ஆகவே மருத்துவர் குறித்த இன்ஹேலரை, நலமாக உணரும் நாள்களிலும் நிறுத்தலாகாது.

• என்95 முகக்கவசம் தூசித் துகள்களைத் தடுக்கும், இவ்வாயுவைத் தடுக்காது.

• எரிவாயு அடுப்பும் இதே வாயுவை வெளியிடும். சமைக்கும்போது சமையலறைச் சன்னலைத் திறந்தோ புகைபோக்கி விசிறியை இயக்கியோ வையுங்கள். சாலையை நோக்கிய சன்னல்களைப் போக்குவரத்து மிகுந்த வேளையில் மூடி வைக்கலாம்.

• இருமல், இழுப்பு மிகும் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டுங்கள். வீடு மாற்றுவது பற்றிய முடிவுக்கும் அக்குறிப்பு உதவும்.

• பேச இயலாத அளவு மூச்சுத்திணறலோ, உதடு நீலமாதலோ, இன்ஹேலருக்குப் பின்னும் தணியாத இழுப்போ தோன்றினால், தாமதமின்றி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

மருந்து சீராகச் செல்லும் நுரையீரல் மாசுள்ள நாளையும் ஓரளவு தாங்கும். வீடு மாற்றுவதற்குப் பெரும்பொருள் செலவிடுமுன், சிகிச்சை முறையாக நடைபெறுகிறதா என்பதை எங்களுடன் கலந்து உறுதிசெய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.