சிபியு 99 சதவீதம்: சுவிட்சைத் திணறவைப்பது யார்?

பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூடம், கிளினிக், தோல் கம்பெனி ஆபீஸ் என எங்கும் சுவரோரப் பெட்டியில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நெட் ஊர்கிறது. சுவிட்சுக்குள் போய்ப் பார்த்தால் சிபியு 99 சதவீதம். “லோடு தாங்கல, பெரிசா வாங்கிடலாம்” என்பார்கள். அவசரப்பட வேண்டாம்.

சுவிட்ச் வழியாகப் போகும் டேட்டாவை சிபியு சுமப்பதில்லை. அதற்குத் தனி சிப் உண்டு. எந்த மேக் அட்ரஸ் எந்தப் போர்ட்டில் என்ற அட்டவணையைப் பார்த்து அதுவே அனுப்பிவிடும். ஏஆர்பி கேள்விகளுக்கு (இந்த ஐபிக்கு எந்த மேக் அட்ரஸ்?) பதில், பக்கத்துச் சுவிட்சுகளோடு பேச்சு போன்ற சில்லறை வேலைகள்தான் சிபியுவுக்கு. ஆகவே அதனிடம் இத்தனை பாக்கெட்டை அனுப்புவது யார் என்றுதான் தேடவேண்டும்.

சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் சுவிட்சுகளில் ‘ஷோ பிராசஸஸ் சிபியு சார்ட்டட்’ என்று அடித்தால் 95%/60% என்பதுபோல இரண்டு எண்கள் வரும். முதலாவது மொத்தம். இரண்டாவது, வந்து விழும் பாக்கெட்டுகளுக்காக இன்டரப்ட்டில் செலவானது. அது பெரிதாக இருந்தால் பாக்கெட் கொட்டுகிறது. சிறிதாக இருந்தால் கீழே பட்டியலில் முதலில் நிற்கும் பிராசஸைப் பாருங்கள். எஸ்என்எம்பி என்றிருந்தால், ஏதோ கண்காணிப்பு மென்பொருள் ஓயாமல் கணக்குக் கேட்கிறது.

அந்தப் பட்டியலில் ‘ஏஆர்பி இன்புட்’ மேலே நின்றால் எனக்கு முதல் சந்தேகம் லூப் மேல்தான். மேஜைக்கடியில் கிடக்கும் மலிவான சுவிட்சில், யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரு முனைகளையும் செருகியிருப்பார்கள். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் வரம்பு உண்டு. ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. ஏஆர்பி கேள்வி போன்ற ஒரு பிராட்காஸ்ட் உள்ளே புகுந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் சிபியுவின் கதவையும் தட்டும். போர்ட் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வெறிபிடித்து மின்னும். ஒரே மேக் அட்ரஸ் இரண்டு போர்ட்டுகளில் மாறி மாறித் தெரிவதாக லாக் சொல்லும். அவற்றில் லூப் இருக்கும் பக்கத்துப் போர்ட்டை மூடினால் சிபியு சட்டென்று இறங்கும்.

இப்படிச் சுற்றுவதைத் தடுக்கத்தான், லூப்பாகும் இணைப்பை அடைத்துவிடும் ஸ்பேனிங் ட்ரீயை 1985இல் ராடியா பெர்ல்மன் உருவாக்கினார். வரிசையாக எத்தனை சுவிட்சுகள் வரை என்று அதற்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், அந்த எல்லையைத் தாண்டி நீண்டுபோன நெட்வொர்க் முடங்கியது. சில நாட்கள் டாக்டர்கள் காகிதத்தில் எழுதினார்கள். அதனால் ஸ்பேனிங் ட்ரீயை மட்டும் நம்பாமல், பயனர் போர்ட்டுகளில் பிபிடியு கார்டும் (ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) ஸ்டார்ம் கன்ட்ரோலும் (பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு) கட்டாயம் போடுங்கள்.

ஒரு வேண்டுகோள். சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்யுமுன் அந்த பிராசஸ் பட்டியலையும் லாகையும் சேமித்துவிடுங்கள். ரீபூட் ஆனால் பெரும்பாலும் தடயமெல்லாம் அழிந்துவிடும்.