விரிசலை நிறுத்தும் தொழில்

காரின் முன்கண்ணாடி ஒற்றைத் தகடு அன்று. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் ஒளி ஊடுருவும் நெகிழிப் படலத்தை, பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிமனில் பரப்பி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிணைத்து உருவாக்கப்படும் மூவடுக்குப் பொருள் அது. இதனை அடுக்குக் கண்ணாடி என்பர். பிரான்சைச் சேர்ந்த ஓவியரும் வேதியியலருமான எதுவார் பெனெடிக்டஸ் 1909ஆம் ஆண்டு இதன் முன்னோடி வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றார்; தொடக்கக் காலத்தில் நடுவில் வைக்கப்பட்ட செல்லுலோஸ் வகைப் படலம் நாளடைவில் மஞ்சள் நிறம் கண்டமையால், 1930களின் பிற்பகுதியிலிருந்து பியூட்டிரால் அதன் இடத்தைப் பிடித்தது. பெரும்பாலான கார்களின் பக்கக் கதவுகளில் இருப்பதோ பதப்படுத்திய கண்ணாடி. சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து வலுவேற்றிய அந்தக் கண்ணாடி, பலமாக அடிபட்டால் முழுவதுமாகச் சிறு துணுக்குகளாக உதிர்ந்துவிடும் என்பதால், பழுதுபார்க்க அதில் எதுவும் எஞ்சாது. சாலையில் தெறிக்கும் கல் அடுக்குக் கண்ணாடியின் வெளித்தகட்டை உடைத்துவிட்டு நடுப்படலத்தோடு நின்றுவிடுகிறது என்னும் ஒரே காரணத்தால்தான் முன்கண்ணாடிப் பழுதுபார்ப்பு என்றொரு தொழில் இருக்கிறது.

அத்தொழில் பிறந்த இடம் அமெரிக்கா. மின்னசோட்டா மாநிலத்தில் ஜெரால்டு கெய்னத் என்பவர் 1972ஆம் ஆண்டு தொடங்கிய நோவஸ் நிறுவனம், உடைந்த கண்ணாடியை மாற்றாமலே சரிசெய்யும் முறையை வணிகமாக்கிய முன்னோடிகளுள் ஒன்று. இன்றும் அந்நாட்டில் ஒரு தனிமனிதர், ஒரு வேன், ஒரு கருவிப் பெட்டி என்னும் அளவில் தொடங்கக்கூடிய தொழில்களில் இதற்கு இடமுண்டு. கடை வாடகை தேவையில்லை. வாடிக்கையாளரின் வீட்டு வாசலிலோ அலுவலக வாகன நிறுத்தத்திலோ அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். தொழில்முறைக் கருவித் தொகுதிகள் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை விலைபோகின்றன. முதலீடு இவ்வளவு குறைவாக இருப்பதே இத்தொழிலின் கவர்ச்சியும் ஆபத்துமாகும். நுழைவது எளிது என்பதால் அரைகுறையாகக் கற்றவர்களும் நுழைந்துவிடுகிறார்கள்.

என்ன கற்கவேண்டும் என்பதை அறிய, கண்ணாடி எவ்வாறு உடைகிறது என்பதைப் பார்க்கவேண்டும். விரிசலின் முனையில் தகைவு, அதாவது பொருளின் உள்ளே ஓரலகுப் பரப்பின்மீது செயல்படும் விசை, பன்மடங்காகக் குவிகிறது என்பதையும், விரிசல் வளர்வதற்கு வேண்டிய ஆற்றல் அந்தத் தகைவிலிருந்தே கிடைக்கிறது என்பதையும் ஆங்கிலேயப் பொறியியலர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். உலோகத்தில் இத்தகைய முனை சற்று வளைந்து மழுங்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்த இளக்கம் கிடையாது. அத்துடன், காற்றில் உள்ள ஈரம் விரிசலின் முனைக்குச் சென்று அங்கே இழுபட்டு நிற்கும் சிலிக்கான்-ஆக்சிசன் பிணைப்புகளை அறுக்க உதவுவதால், யாரும் தொடாதபோதும் விரிசல் மெல்ல வளரக்கூடும். குளிர்காலக் காலையில் உறைந்து கிடக்கும் கண்ணாடிமீது உள்ளிருந்து சூடான காற்றைத் திருப்பிவிட்டால், கண்ணாடியின் இரு பக்கங்களும் வெவ்வேறு அளவில் விரிவடைந்து, நேற்று வரை பொத்தான் அளவில் இருந்த சேதம் ஒரு முழ நீளத்திற்கு ஓடிவிடுவது இதனால்தான். மின்னசோட்டா போன்ற கடுங்குளிர் மாநிலத்தில் இத்தொழில் வேர்பிடித்ததில் வியப்பில்லை.

கல் பட்ட இடத்தில் உண்டாகும் சேதத்தைத் தொழிலாளர்கள் அதன் தோற்றத்தைக் கொண்டு வகைப்படுத்துகிறார்கள். கல் பட்ட குழியைச் சுற்றிக் கூம்பு வடிவில் வட்டமாகப் பிளந்திருப்பது புல்ஸ்ஐ. அதன் பாதி மட்டும் தெரிவது அரைநிலா. குழியிலிருந்து கால்கள் போலக் கோடுகள் கிளம்பினால் நட்சத்திரம். இரண்டும் கலந்தால் கூட்டுச்சேதம். இவற்றுள் புல்ஸ்ஐ எளியது, ஏனெனில் அதன் பிளவு அகன்றிருப்பதால் திரவம் தானாகவே உட்புகும். நட்சத்திரத்தின் கால்களோ மயிரினும் மெல்லியவை, அவற்றின் நுனிவரை திரவத்தைக் கொண்டுசேர்ப்பதில்தான் தொழிலாளியின் திறமை வெளிப்படும். அந்த நுனி நிரம்பாமல் விடப்பட்டால், செய்த வேலை கண்ணுக்கு அழகாகத் தெரிந்தாலும் விரிசல் அங்கிருந்தே மீண்டும் கிளம்பும்.

பழுதுபார்க்கும் முறை இரண்டு செயல்களை மாறிமாறிப் பயன்படுத்துவது: வெற்றிடம், அழுத்தம். முதலில் குழியில் உதிர்ந்திருக்கும் கண்ணாடித் துகள்களைக் கூர்முனையால் அகற்றி, ஈரம் இருந்தால் மிதமான வெப்பத்தால் உலர்த்துவர். பிறகு உறிஞ்சிக் கிண்ணங்களால் கண்ணாடியில் பற்றிக்கொள்ளும் ஒரு தாங்கியைப் பொருத்தி, அதன் நடுவில் உள்ள திருகுக்குழாயைக் குழியின்மேல் நேராக நிறுத்துவர்; தாங்கிக்குப் பாலம் என்றும் குழாய்க்குச் செலுத்தி என்றும் பெயர். செலுத்தியின் உலக்கையை மேலே இழுக்கும்போது விரிசலுக்குள் அடைபட்ட காற்று வெளியேறுகிறது. கீழே திருகும்போது அக்ரிலேட் வகைப் பிசின் உள்ளே தள்ளப்படுகிறது. காற்றுக்குமிழ் முழுவதும் மறையும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தபின், ஏறத்தாழ 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா விளக்கை வைத்தால் பிசின் சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும். மேற்பரப்பில் எஞ்சும் சிறு பள்ளத்தைச் சற்றுக் கெட்டியான வேறொரு பிசினால் நிரப்பி, அதன்மேல் மெல்லிய நெகிழித் துண்டை ஒட்டி உறையச்செய்து, சவர அலகால் சமமாகச் சீவி மெருகேற்றுவர். வெயிலிலும் புற ஊதாக் கதிர் உண்டென்பதால், திறந்த வெளியில் வேலை செய்பவர் நிழல் தேடியாகவேண்டும். இல்லையேல் பிசின் விரிசலின் நுனியை எட்டுமுன்பே பாதிவழியில் உறைந்துவிடும். கண்ணாடி மிகச் சூடாக இருக்கும்போது அழுத்தம் கொடுப்பதும் தவறு, அந்த அழுத்தமே விரிசலை ஓடச்செய்யும்.

இவ்வளவும் செய்தபின் கிடைப்பது என்ன என்பதில்தான் தொழிலின் நேர்மை அடங்கியிருக்கிறது. விரிசல் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் அதனுள் இருக்கும் காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1 என்னும் அளவில் இருக்க, கண்ணாடியின் எண் ஏறத்தாழ 1.52 ஆகையால், இரண்டும் சந்திக்கும் பரப்பில் ஒளி தெறிக்கிறது. கண்ணாடிக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் கொண்ட பிசின் அந்த இடத்தை நிரப்பும்போது தெறிப்பு பெரிதும் மங்கிவிடுகிறது, ஆனால் அடையாளமே இல்லாமல் போவதில்லை. உறைந்த பிசின் விரிசலின் இரு கரைகளையும் பிணைத்து, முனையில் குவியும் தகைவைப் பரவச்செய்து, ஈரம் புகும் வழியையும் அடைத்துவிடுகிறது. ஆகவே இத்தொழில் விற்பது விரிசல் மேலும் வளராமல் நிறுத்தும் சேவை. கண்ணாடியைப் புதிதாக்குவது அதன் வேலை அன்று. விளம்பரத்தில் இதை மறைப்பவர்கள் அதிருப்தி கொண்ட வாடிக்கையாளரைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள்.

எதைத் தொடக்கூடாது என்பதற்கும் வரையறை உண்டு. அமெரிக்காவில் ரோலாக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழில் தரநிலை, புல்ஸ்ஐ வகைச் சேதத்திற்கு 1 அங்குல விட்டத்தையும், நட்சத்திரத்திற்கு 3 அங்குலத்தையும், நீண்ட விரிசலுக்கு 14 அங்குலத்தையும் உச்சவரம்பாக வைத்து, ஓட்டுநரின் நேர்ப்பார்வைப் பகுதிக்கு மேலும் கடுமையான கட்டுப்பாடு விதிக்கிறது. ஒரு டாலர் தாளால் மறைக்க முடிந்தால் சரிசெய்யலாம் என்று பொதுமக்களிடையே வழங்கும் கணக்கு நினைவில் வைக்க எளிது என்பதைத் தவிர வேறு சிறப்பில்லாதது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையில், துடைப்பான் துடைக்கும் பரப்புக்குள் ஓட்டுநருக்கு நேராக 290 மில்லிமீட்டர் அகலத்தில் அமையும் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சேதம் இருந்தாலே வண்டி தேறாது. உட்தகடும் உடைந்திருந்தால், அல்லது நடுப்படலம் கிழிந்திருந்தால், மாற்றுவதைத் தவிர வழியில்லை. அண்மைக்கால வாகனங்களில் கண்ணாடிக்குப் பின்னால் கேமராக்கள் இருப்பதால், கண்ணாடியை மாற்றினால் அவற்றையும் புதிதாகச் சரிநிலைப்படுத்தவேண்டியுள்ளது. இது மாற்றும் செலவை மிகவும் உயர்த்திவிட்டதால், பழுதுபார்ப்பவரின் மதிப்பு கூடியிருக்கிறது.

பணம் வரும் வழி பெரும்பாலும் காப்பீடு. அமெரிக்கக் காப்பீட்டில் ஒவ்வோர் இழப்பிலும் முதலில் வாகன உரிமையாளரே ஏற்கவேண்டிய ஒரு தொகை உண்டு; ஆனால் மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பது பலமடங்கு மலிவு என்பதால், பல காப்பீட்டு நிறுவனங்கள் பழுதுபார்ப்புக்கு அத்தொகையைக் கேட்காமல் முழுச் செலவையும் தாமே ஏற்கின்றன. புளோரிடா மாநிலச் சட்டமோ, விரிவான காப்பீடு வைத்திருப்பவரிடம் முன்கண்ணாடிச் சேதத்திற்கு அத்தொகையை வசூலிக்கவே கூடாது என்கிறது. இந்தச் சலுகையைப் பயன்படுத்திச் சில கடைகள் பரிசு தந்து வாடிக்கையாளரை ஈர்த்து, அவருடைய காப்பீட்டு உரிமையைத் தம் பெயருக்கு எழுதி வாங்கி, காப்பீட்டு நிறுவனங்கள்மீது வழக்குமேல் வழக்காகத் தொடுத்தமையால், 2023ஆம் ஆண்டு அம்மாநிலம் அப்பரிசுகளையும் உரிமை மாற்றத்தையும் தடைசெய்தது. காப்பீட்டுப் பணத்தை நம்பித் தொழில் தொடங்குபவர் தம் மாநிலத்தின் சட்டத்தை முதலில் படிப்பது நல்லது.

கடைக்கு வைக்கும் பெயரின் முக்கியத்துவமும் இந்தக் காப்பீட்டு ஏற்பாட்டிலிருந்தே எழுகிறது. கண்ணாடி உடைந்தவர் தம் காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கும்போது, மறுமுனையில் அந்தக் கோரிக்கையைக் கையாள்வது பல நேரங்களில் ஒரு பெரிய கண்ணாடி நிறுவனத்தின் துணை அமைப்பாக இருக்கிறது. சேஃப்லைட் குழுமம் பல காப்பீட்டு நிறுவனங்களுக்கு இப்பணியைச் செய்துகொண்டே நாடெங்கும் சொந்தக் கடைகளையும் நடத்துகிறது. கோரிக்கையைக் கையாளும் நிறுவனம் தன் கடையைப் பரிந்துரைத்தால் போட்டியாளர் ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று கனெக்டிகட் மாநிலம் 2013இல் கொண்டுவந்த விதியைச் சேஃப்லைட் எதிர்க்க, 2014இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் பேச்சுரிமை அடிப்படையில் அந்நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே சிறுதொழில் செய்பவருக்கு மிஞ்சும் பாதுகாப்பு, வாடிக்கையாளரே அவருடைய கடையின் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எழுத்துப்பிழையின்றி எழுதிக்கொள்ள முடியாத பெயர், எவ்வளவு நயமாக இருந்தாலும், இத்தொழிலில் பயன்படாது.

வணிகச்சின்னச் சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் லான்ஹாம் சட்டத்தின்கீழ், பெயர்களின் தனித்தன்மையை நீதிமன்றங்கள் படிநிலைகளாகப் பிரிக்கின்றன. 1976இல் அபர்குரோம்பி வழக்கின் தீர்ப்பு இதைத் தெளிவாக வகுத்தது. பொருளின் பொதுப்பெயருக்குப் பாதுகாப்பே இல்லை. தன்மையை விவரிக்கும் பெயருக்கு, மக்கள் மனத்தில் அது ஒரு குறிப்பிட்ட கடையோடு இணைந்துவிட்டது என்று நிறுவினால் மட்டுமே பாதுகாப்பு. குறிப்பால் உணர்த்தும் பெயர், தொடர்பற்ற சொல், புதிதாகப் புனைந்த சொல் ஆகியவை தொடக்கத்திலிருந்தே பாதுகாக்கத் தக்கவை. இந்தியாவில் அசாகி இந்தியா கிளாஸ் நிறுவனம் விண்ட்ஷீல்டு எக்ஸ்பர்ட்ஸ் என்று வெளிப்படையான பெயரில் சேவை நடத்துகிறது. பெரிய நிறுவனத்தின் விளம்பர வலிமை அத்தகைய பெயரைத் தாங்கும், ஒற்றை வேன் வைத்திருப்பவருக்கு அது இயலாது. சேஃப்லைட்டின் தாய்நிறுவனமான பெல்ரான், பிரிட்டனில் ஆட்டோகிளாஸ் என்றும் ஐரோப்பாவின் பல நாடுகளில் கார்கிளாஸ் என்றும் ஆஸ்திரேலியாவில் ஓ'பிரையன் என்றும் இயங்குவது, வேரூன்றிய பெயரை மாற்றுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை உணர்ந்ததால் இருக்கலாம். தொலைபேசி நூலின் மஞ்சள் பக்கங்களில் அகர வரிசையில் முதலில் வருவதற்காக ஏ-1 என்றும் ஏஏஏ என்றும் பெயர் வைத்த காலம் போய்விட்டது. ஊரின் பெயரைச் சேர்ப்பது இணையத் தேடலில் உதவும், ஆனால் தொழில் பக்கத்து மாவட்டத்திற்கு விரியும்போது அதுவே தடையாகும்.

பெயர் முடிவானபின் நடைமுறைகள் எளியவை. மாநிலப் பதிவகத்திலும் கூட்டாட்சி வணிகச்சின்ன அலுவலகத்தின் தரவுத்தளத்திலும் அதே பெயர் வேறெவருக்கும் இல்லை என்று பார்த்தபின், தனியுரிமையாளராகவோ வரையறுத்த பொறுப்பு நிறுவனமாகவோ பதிவு செய்வர். பின்னதில் தொழிலின் கடன் உரிமையாளரின் வீட்டைத் தொடாது என்பது பொது விதி. சொந்தப் பெயரை விடுத்து வேறு பெயரில் தொழில் செய்யும் தனியுரிமையாளர் அப்பெயரையும் தனியே பதியவேண்டும். வரித்துறை அடையாள எண் கட்டணமின்றிக் கிடைக்கிறது. உரிம விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கனெக்டிகட்டில் வாகனக் கண்ணாடி வேலைக்கென்றே தனி உரிமம் உண்டு. பொறுப்புக் காப்பீடும், வேலையின்போது விரிசல் ஓடிவிடலாம் என்று வாடிக்கையாளர் முன்கூட்டியே அறிந்து கையொப்பமிட்ட தாளும் இல்லாமல் முதல் வண்டியைத் தொடுவது அறியாமை.

தொழில் தொடங்குபவருக்கு மட்டுமன்றி, கார் வைத்திருப்பவர் எவருக்கும் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கண்ணாடியில் கல் பட்டவுடன் அந்த இடத்தில் ஒரு துண்டு ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி, தண்ணீரும் தூசியும் புகாமல் காத்து, கூடிய விரைவில் பழுதுபார்ப்பவரிடம் காட்டவேண்டும். ஈரமும் அழுக்கும் ஏறிய விரிசலில் எவ்வளவு நல்ல பிசினும் சரியாகப் பிடிக்காது.