பந்திக்கு முந்துங்கள்; தீர்மானத்துக்குப் பிந்தாதீர்கள்!

பெங்களூர் மாநாட்டுக்கு வருவோர் காலையிலும் மதியத்திலும் எங்கே பசியாறலாம்?

பத்ராவதியிலிருந்து இரவு ரயில், தங்கவயலிலிருந்து விடியற்கால வண்டி, சேலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் பஸ். சங்க மாநாடு, ஆசிரியர் கூட்டம், ஓய்வூதியர் பேரவை என்று பெங்களூருக்கு வரும் பிரதிநிதிகள் பெரும்பாலும் மெஜஸ்டிக்கில்தான் வந்து இறங்குகிறார்கள். ஒன்பது மணிக்குள் மண்டபத்தில் பெயர் பதிய வேண்டும். மதிய இடைவேளை ஒரு மணி நேரம். இதற்குள் குளியல், காப்பி, பலகாரம், சாப்பாடு எல்லாம் முடிந்தாக வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் வரவேற்புரை, வாழ்த்துரை என்று நேரம் போய்விடும். சம்பளம், ஓய்வூதியம், நிர்வாகிகள் தேர்தல் போன்ற முக்கியமான விஷயங்கள் பல மாநாடுகளில் மதியத்துக்குப் பிறகுதான் வரும். பேர்பெற்ற ஓட்டலைத் தேடிப் போனவர் அந்த நேரத்தில் வாசலில் தம் முறைக்காக நின்றுகொண்டிருப்பார். ஊரில் நாலு பேர் சந்தா போட்டு அனுப்பி வைத்த கை, உயர வேண்டிய நேரத்தில் உயராமல் போய்விடும்.

எனவே ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பேர்பெற்ற ஓட்டலுக்குக் காலையில் போங்கள். மதியத்தில் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே சாப்பிடுங்கள்.

காலையில் எங்கே?

மெஜஸ்டிக்கில் இறங்கியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது பளேபேட்டை. அங்குள்ள உடுப்பி ஸ்ரீகிருஷ்ண பவன் 1926-ல் தொடங்கியது. சாகு மசால் தோசைக்குப் பேர்போனது. உருளைக்கிழங்கு மசாலுக்குப் பதில் காய்கறிக் கூட்டு உள்ளே இருக்கும். சாப்பிட்டுவிட்டு டவுன் ஹால் பக்கம் போக வசதியான இடம்.

லால்பாக் சாலையில் இருக்கிறது எம்.டி.ஆர். எனப்படும் மாவள்ளி டிபன் ரூம். 1924-ல் தொடங்கிய நிறுவனம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி கிடைக்காதபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்ததாகவும், அதுவே ரவா இட்லி ஆயிற்று என்றும் அவர்கள் சொல்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை. காலையில் கதவு திறக்கும்போதே போய்விட்டால் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

காந்தி பஜாரில் உள்ள வித்யார்த்தி பவன் 1943-ல் தொடங்கியது. பெயருக்கேற்ப மாணவர்களுக்காக வைத்த கடை. தடித்து, மேலே மொறுமொறுப்பாக, நெய் மணக்க வரும் மசால் தோசை. பரிமாறுபவர் ஒரே கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே மதியச் சாப்பாடு கிடையாது என்பதை அறியாமல் பசியோடு போய்த் திரும்புகிறவர்கள் உண்டு.

மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோ பச்சைத் தடத்தில் ஏறினால் சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் காலேஜ் என்று வரிசையாக வரும். டவுன் ஹாலுக்கும் ரவீந்திர கலாக்ஷேத்ராவுக்கும் மார்க்கெட்டில் இறங்கி நடக்கலாம். காந்தி பஜாருக்கு நேஷனல் காலேஜில் இறங்க வேண்டும். மாநாடு சென்ட்ரல் கல்லூரி வளாகத்தில் என்றால் ஊதாத் தடம். மெஜஸ்டிக்குக்கு அடுத்த நிலையமே அதுதான். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ மற்ற நாட்களைவிடத் தாமதமாகத் தொடங்கும். அன்று எம்.டி.ஆரிலும் வித்யார்த்தி பவனிலும் கூட்டம் நெரியும். ஆகவே ஞாயிறு மாநாட்டுக்காரர் இந்த இரண்டையும் மறந்துவிடுவது நல்லது.

கை கொடுக்கும் தர்ஷினி

அவசரக்காரருக்கு என்றே பெங்களூர் கண்டுபிடித்த ஏற்பாடு தர்ஷினி. 1983-ல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் என்பவர் 'கபே தர்ஷினி'யைத் தொடங்கினார். நாற்காலி கிடையாது, பரிமாற ஆள் கிடையாது. முதலில் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டைக் கொடுத்தால் தட்டு கைக்கு வரும். நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆள் செலவும் இடச் செலவும் குறைவு என்பதால் விலையும் குறைவு. இன்று இந்த மாதிரிக் கடை இல்லாத பேட்டையே நகரில் இல்லை எனலாம். பதினைந்து நிமிடத்தில் வயிறு நிறைந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். காரா பாத் என்பது மசாலா போட்ட ரவை உப்புமா. அதோடு கேசரியும் சேர்ந்தால் சௌசௌ பாத். பிஸிபேளே பாத் நம் சாம்பார் சாதத்துக்கு அண்ணன். சாம்பாரில் லேசாக இனிப்பு தட்டும். வெல்லம் சேர்ப்பது இவ்வூர் வழக்கம். 'பை டூ' என்றால் ஒரு காப்பியை இரண்டாகப் பகிர்ந்து கொடுப்பார்கள்.

மதியத்தில் எங்கே?

மண்டபத்திலேயே சாப்பாடு உண்டென்றால் வேறு யோசனையே வேண்டாம். இல்லாவிட்டால், காலையில் உள்ளே நுழையும் முன்பே பக்கத்துத் தெருவில் ஒரு தர்ஷினியையோ உடுப்பி ஓட்டலையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளை விட்ட பிறகு தேடக்கூடாது. எம்.டி.ஆரின் மதியச் சாப்பாட்டில் பண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவசரப்பட்டுச் சாப்பிட்டால் அதற்கும் மரியாதை இல்லை. மாநாடு முடிந்த மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அசைவம் வேண்டுவோர் 'மிலிட்டரி ஹோட்டல்' என்ற பலகையைத் தேடலாம். கேழ்வரகுக் களி உருண்டை, ஆட்டுக்கறிக் குழம்பு, தொன்னை பிரியாணி கிடைக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் களியை மெல்லாமல் விழுங்கும் வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இரண்டு உருண்டை உள்ளே போனால், தீர்மானம் வாசிக்கும்போது கண் சொக்கும்!

கையில் காசு குறைந்தவர்களுக்கு இந்திரா கேண்டீன் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் தொடங்கியபோது காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அளவாகத்தான் உணவு வரும் என்பதால் நேரத்தோடு போக வேண்டும்.

பெரியவர்கள் கவனத்துக்கு

ஓய்வூதியர்களுக்குத் தர்ஷினியில் நின்று சாப்பிடுவது சிரமம். உட்கார இடமுள்ள ஓட்டலாகப் பார்த்து, இளைஞர் ஒருவர் முன்னே போய் இடம் பிடித்து வைப்பது உதவியாக இருக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பேச்சு நீளும் என்பதை எதிர்பார்த்து, வேளை தவறாமல் இருக்கக் கையோடு ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே காப்பியில் சர்க்கரை தாராளம். 'சக்கரை பேடா' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாநாடு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்தில் எந்தெந்த ஓட்டல், எத்தனை நிமிட நடை என்று ஒரு தாளில் எழுதி, பெயர் பதியும் மேஜையில் ஒட்டி வைத்தால் போதும். மதியம் இரண்டு மணிக்கு நாற்காலிகள் காலியாகக் கிடக்காது.